எழுதி வைத்துப் படிக்கவில்லை

செவ்வாய்க்கிழமை, இரவு

லண்டன் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்கு இன்று போனில் வீடியோ இன்டர்வியூ. "ஐ ஹேவ் ஆல்வேஸ் வொர்க்டு இன் ஐசியூ" என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன். பாளையங்கோட்டை இங்கிலீஷ் கிளாஸில் ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான், ஒரு சொல்லையும் முழுங்கக் கூடாது என்று. லண்டனில் யாரும் அப்படிப் பேசுவதில்லையாம். "ஐவ் ஆல்வேஸ்" என்று ஒரே மூச்சில் சேர்த்துவிடுவார்களாம். அதனால் கேள்வி கேட்ட வெள்ளைக்காரம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எழுதி வைத்துப் படிக்கிறீர்களா என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. போனைக் கையில் எடுத்து அறை முழுக்கச் சுற்றிக் காட்டினேன். பீரோ, கொடியில் காயும் யூனிபார்ம், கதவுக்குப் பின்னால் பனியனோடு நின்ற அண்ணன், எல்லாம் தெரிந்திருக்கும்.

அண்ணன் இன்னும் திட்டி முடிக்கவில்லை. "ஏட்டி, அவியகிட்ட போயி வீம்பு பண்ணுனா வேலை தருவாவளா? அவிய பேசுத மாதிரி சேத்துச் சொல்லிட்டுப் போவ வேண்டியதான?"

சேர்த்துச் சொல்ல எனக்கும் வரும். ஆனால் இன்டர்வியூவில், அறையைக் காட்டிய பிறகும், எழுதி வைத்துப் படிக்கிறீர்களா என்றுதான் அந்தம்மா மறுபடி கேட்டார். போனைச் சொம்பில் சாய்த்து வைத்தேன். வெறுங்கை இரண்டையும் தூக்கிக் காட்டிக்கொண்டு, அதே வாக்கியத்தை முன்னைவிட மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகவே சொன்னேன்.