பேன் சட்டையின் வெட்டுக்கோடு

நவம்பர் 6, புதன்

மழை. காலையில் துணி கழுவப் போட்டேன், மெஷினில் சூடு 40 இலக்கத்தில். இரத்தத்தில் சீனி கூட. குளிசை விழுங்கியாயிற்று.

மகள் மலர் கைபேசியில் செய்து தந்திருக்கிறாள். நான் கதைத்தால் அது எழுதிக்கொள்ளுமாம். என்ன எழுதுகிறதோ, எனக்கு விளங்காது. இலக்கம் தெரியும், எழுத்து தெரியாது. இது மலருக்குத் தெரியும். செத்துப்போன மனைவிக்குத் தெரிந்தது. வேறு ஒருவருக்கும் தெரியாது.

பின்னேரம் தேவாலய நிலவறையில் வகுப்பு. ஏழு பேர்: ஆறு ஜேர்மன் பெண்கள், தமிழ்ப்பெண் வசந்தி. நோர்வேப் பின்னல். பெக்கர் அம்மா வழக்கம்போல, "டிசைனைத் தாளில் கட்டம் போட்டுத் தாருங்களேன்" என்றாள். வழக்கம்போல நானும், "தாளைப் பார்க்கிறவள் கையைப் பார்க்கமாட்டாள்." பதினோரு வருடமாக இதே பதில். அதுதான் என் பாணி என்று கொலோன் நகரில் பெயர் வேறு. வாயால்தான் சொல்லிக் கொடுப்பேன். ஐந்து கண்ணி கறுப்பு, ஒரு கண்ணி வெள்ளை. மூன்று சுற்று வெறும் கறுப்பு. பிறகு வெள்ளை இடம் மாறும். கறுப்பில் இப்படித் தெறிக்கிற வெள்ளைப் புள்ளிக்கு நோர்வேக்காரர் வைத்த பெயர் பேன்.

வசந்தி: "என்ர மனுசனுக்குத் தலையில ஒரு மயிர் இல்லை. உடம்பு முழுக்கப் பேனோ அண்ணை?"

அதை ஜேர்மன் மொழியிலும் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மூக்கைச் சிந்தினாள்.

அவள் கணவன் சிவத்துக்கு ஈரலில் புற்றுநோய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எந்த நேரமும் குளிருதாம். கை தூக்க ஏலாது, தலைவழியாகச் சட்டை போட முடியாது. ஆகவே அவனுக்கு அவள் பின்னுவது முன்பக்கம் திறக்கிற சட்டை. தோள் ஒடுங்கிவிட்டது என்றாள். தோளில் வருகிற நட்சத்திரப் பூவை இருபத்தைந்து கண்ணியிலிருந்து பதினேழாகக் குறைத்துக் கொடுத்தேன். இதழ் கெடவில்லை. நல்ல வேலை.

நூல் முடிந்து இன்னும் இரண்டு பந்து வாங்கி வந்தாள். முதல் நாள் போலவே லேபலை நீட்டினாள். "இதே சாமான்தானே? ஒருக்காப் பாருங்கோ அண்ணை."

கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். "ஓம். இதுதான்."

முந்தி லேபல் வாசிப்பது மனைவி. நான் விரலால் உரசிப் பார்ப்பேன். இப்போது அவள் இல்லை. விரல் நுனியும் சீனியால் மரத்துவிட்டது.

நவம்பர் 13, புதன்

வசந்தியின் சட்டைக்கு வெட்டு நாள். இருட்டு, தூறல்.

சட்டையின் உடம்பைக் குழாய்போலச் சுற்றிப் பின்னுவது. முடிந்ததும் நடு நெஞ்சில் கத்தரிக்கோல் வைத்துக் கீழிருந்து கழுத்துவரை வெட்டுவது. வெட்டும்போது எல்லாரும் எழுந்து நிற்பார்கள். ஒருத்தி கண்ணை மூடிக்கொள்வாள்.

"முதலில் இரண்டு பக்கமும் மெஷினில் தைக்க வேண்டாமா?" பெக்கர் அம்மா கேட்டாள்.

"நல்ல கம்பளிக்குத் தையல் தேவையில்லை."

எனக்கு இது கற்றுத் தந்தவள் சூல்வை. 1987, நோர்வேயின் வடக்கு, மீன் தொழிற்சாலை, எனக்குப் பக்கத்து மேசை. நீல அங்கி, இடது சுண்டுவிரலில் பாதி இல்லை. தைக்கமாட்டாள், நேரே வெட்டுவாள். அவள் ஆட்டு மயிர் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

வெட்டினேன். நெஞ்சுவரை போயிருப்பேன். கீழே கண்ணிகள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. இழை வழுக்கி வழுக்கிப் பக்கவாட்டில் ஓடுகிறது. கையால் பொத்தினேன். நிற்கவில்லை.

பெக்கர் அம்மா லேபலை எடுத்து வாசித்தாள். மெஷினில் கழுவும் கம்பளி. சுருங்காமலிருக்க மருந்து போட்டு வழுவழுப்பாக்கியது. ஒன்றையொன்று பிடிக்காது.

வசந்தி நாற்காலியில் இருந்துவிட்டாள். "ஐயோ, கழுவச் சுகம் எண்டு நான்தான் பாத்து எடுத்தனான். பிழை என்னிலதான் அண்ணை."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள் எனக்கு இரண்டு தரம் காட்டியதை அவளே மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

ஆனாலும் நான் சொன்னது இது: "இனிமேலெண்டாலும் கவனமா வாங்கும்."

நவம்பர் 14, வியாழன்

சட்டை என் வீட்டில். ஓடிய கண்ணிகளைக் கொக்கி ஊசியால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறேன். பக்கத்துக்கு நாலு கண்ணி போய்விட்டது. நாடா வைத்துக் கையால் தைக்கவேண்டும்.

தேவை: கறுப்பு நாடா. பொத்தான் எட்டு. பால்.

மலர் தொலைபேசியில்: "சாப்பிட்டீங்களோ அப்பா? குரல் ஏன் ஒரு மாதிரி?" தடிமன், சளி என்றேன்.

நவம்பர் 15, வெள்ளி

ஆஸ்பத்திரி. சட்டை ஒடுங்கிவிட்டதால் சிவத்தின் நெஞ்சை அளக்கவேண்டும். வசந்தி கோப்பி வாங்கக் கீழே போனாள்.

சிவம் எலும்பும் தோலும். கண் மட்டும் பெரிது. "என்ன அண்ணை, எனக்கு ஒப்பரேசன் ஏலாது எண்டு சட்டைக்குச் செய்துபோட்டியளாம்."

சிரித்தேன். அளந்தேன். நாலு கண்ணி போயும் அளவு போதும்.

தலையணைக்குக் கீழிருந்து ஒரு கடிதம் எடுத்தான். "டொக்டர் தந்தது. எனக்கு எழுத்து ஆடுது. வசந்தி வாசிக்கமாட்டன் எண்டு நிக்கிறாள். நீங்கள் வாசியுங்கோ. எவ்வளவு நாள் எண்டு போட்டிருக்கு?"

"கண்ணாடி கொண்டுவரேல்லை."

"மூக்கில கிடக்கு அண்ணை."

கதவைப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. சொல்லிவிட்டேன். எழுத்துத் தெரியாது, ஒரு மொழியிலும் தெரியாது, அந்த லேபலும் அப்படித்தான்.

சிவம் சிரித்தான், இருமல் வரும்வரை. "அப்ப எனக்குப் பொய் வாசிக்க ஏலாத ஆள் நீங்கள் ஒருத்தர்தான்." தண்ணீர் கொடுத்தேன். "நான் ஆருக்கும் சொல்லமாட்டன். எனக்கு நேரமுமில்லை. நீங்கள் அவளிட்டைச் சொல்லுங்கோ. தன்னாலதான் எண்டு இரவிரவா அழுறாளாம்."

ஓம் என்றேன்.

வசந்தி வந்தாள். கோப்பி தந்தாள். குடித்தேன். சொல்லவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

குளிர், பூச்சியத்துக்குக் கீழே. மத்தியானம் சட்டை முடிந்தது. பொத்தான் எட்டும் தைத்தாயிற்று. வெட்டுக்கோடு தெரியவில்லை. நாளைக்குக் கொண்டுபோகலாம். அப்போது சொல்லலாம்.

நவம்பர் 18, திங்கள்

விடியப்புறம் சிவம் போய்விட்டான்.

சட்டை நாற்காலியில்.

நவம்பர் 22, வெள்ளி

எரியூட்டும் மண்டபம். சிவத்துக்கு வேட்டிக்கு மேலே பேன் சட்டை. வசந்திதான் போடச் சொன்னாள். பொத்தான் எட்டையும் நான் பூட்டினேன். முன்பக்கம் திறந்தும் அவன் கை விறைத்திருந்ததால் கஷ்டம். மற்றவர்களுக்கு நூலின் கதை தெரியாது. "வடிவான சட்டை" என்றார்கள்.

வெளியே, மரத்துக்குக் கீழே, வசந்தி: "நூலை ஒழுங்காப் பாத்து வாங்கியிருந்தால் நாலு நாளெண்டாலும் போட்டிருப்பார் அண்ணை."

சொன்னேன். "உம்மில பிழை இல்லை, பிள்ளை. எனக்கு எழுத்துத் தெரியாது. நீர் லேபலைக் காட்டேக்கை சும்மா ஓம் எண்டனான்."

வசந்தி அழவில்லை. கத்தவில்லை. "அவர் ஒவ்வொரு நாளும் கேட்டவர், சட்டை வரேல்லையோ எண்டு. நான் பழுதாக்கிப்போட்டன் எண்டு சொன்னனான். மன்னிப்புக் கேட்டனான் அண்ணை, அவரிட்டை."

கைப்பையைத் திறந்தாள். அந்த லேபல். மடித்து வைத்திருந்தாள். என் கையில் வைத்தாள். "இந்தாங்கோ." போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, லேபலை முதல் தடவையாகப் பார்த்தேன். அன்றைக்குப் பார்க்கவில்லை. வாசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

எழுத்து எழுத்தாகக் கிடக்கிறது. கீழ் மூலையில் சின்னதாக ஒரு தொட்டிப் படம். தொட்டிக்குள் 40, நான் மெஷினில் திருப்புகிற அதே 40.

இலக்கம் எனக்குத் தெரியும்.