பகிடிக்காரனுக்கு ஆர் வோட்டுப் போடுவினம்?

என்றைக்கும் என் சபா அண்ணைக்கு,

எங்கள் தமிழ் மன்றத் தலைவர் பதவிக்கு நிற்கப்போகிறேன் என்று நீங்கள் சொன்னதும், இன்டர்லாக்கன் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுவதை விட்டுவிட்டுக் கைதட்டினோமே, ஞாபகம் இருக்கிறதோ? நாடகத்தில் பொலிஸ்காரனாக வந்து எங்களைச் சிரிக்கவைத்த மனிசன், பெர்னுக்குப் போய், சுவிஸ் அரசாங்கத்திடம் "இந்தப் பெடியளைத் திருப்பி அனுப்பாதேங்கோ" என்று நேரே கேட்கப்போகிறார். அகதி விண்ணப்பம் தள்ளுபடியானவர்களுக்கு வேறு ஆர் இருந்தார்கள்?

பிறகு வந்தார் மொழிபெயர்ப்பாளர் மகேந்திரன், பழைய தலைவரின் மச்சான். கருத்துக் கணிப்பாம்! அறை அறையாகப் போய்த் தேத்தண்ணி குடித்தபடி கேட்டார்: "தலைவருக்கோ, அந்தப் பகிடிக்காரனுக்கோ?" நாளைக்கு அகதி விசாரணையில் எங்கள் வாயாக இருந்து கதைக்கப்போகிறவர் அவர். அவர் முகத்துக்கு நேரே ஆரண்ணை உங்கள் பெயரைச் சொல்லுவான்? நான் சொன்னேன். "நீர் சின்னப்பெடியன்" என்று சிரித்துவிட்டு, என்னைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. உங்களுக்கு ஒரு வோட்டுமில்லை என்று முடிவு சொன்னார்.

"விடு தம்பி, சனம் என்னைச் சிரிக்க மட்டும்தான் வைச்சிருக்குது" என்று விலகிவிட்டீர்கள். ஊரையே சிரிக்கவைத்த உங்களுக்கு இந்தப் பகிடி பிடிபடவில்லையே!

பழைய தலைவரே திரும்பவும் போட்டியின்றி வந்தார். பெர்னுக்குப் போகவில்லை, பொங்கல் விழாவுக்கு மண்டபம் பார்த்தார். எங்களோடு ஒரே அறையில் இருந்த ரவியைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கிய பிறகு அவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அதை யோசித்து யோசித்தே உங்கள் நெஞ்சு நின்றது.

உங்களை எரித்த அன்று எல்லோரும் என் கையைப் பிடித்து அழுதார்கள். "அண்ணைக்குத்தான் போட இருந்தனாங்கள்." ஒருவர் இருவரல்ல. மகேந்திரனும் மாலையோடு வந்து, "எல்லாருக்கும் விருப்பமான மனுசன்" என்றார். செத்த பிறகு எடுக்கிற கணிப்பில் எவரும் வெல்லலாம் போல.

வாற ஞாயிறு மறுபடி தலைவர் தெரிவு. நான் உங்கள் பெயரைத்தான் முன்மொழிவேன். "ஆள் செத்துப்போச்சு" என்பார்கள். ஓம், தெரியும். அன்றைக்கு அழுதவர்கள் மகேந்திரன் பார்க்கக் கையைத் தூக்குங்கோ என்பேன்.

ஒரு கை எழும்பாவிட்டாலும் நான் பெர்னுக்குப் போவேன். மகேந்திரன் தேவையில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை டொச் பாஷையில், ரவி எங்கே என்று கேட்பேன். இது சத்தியம்.

கணக்கில் எடுபடாத உங்கள் தம்பி,
குணம்