அப்பாவின் மூக்கு

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி அம்மா எழுதுகிறேன், இங்கே நாங்களும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அதற்குமேல் சொன்னால் பொய்யாகிவிடும். போனில் சொல்லலாமே என்று கேட்பாய், போன் இருக்கும் அறையில்தான் அப்பாவும் உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

மாமனாருக்கு என்ன வேலை என்று மருமகள் கேட்டாளாமே, நீ ரப்பர் கம்பெனி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாயாம். அவளுக்கு ஒழுங்காகச் சொல். புது டயர் செய்யும்போது கந்தகம் போட்டுத்தான் ரப்பரை இறுக்குகிறார்கள், அந்த இறுக்கத்தைப் பிரித்துப் பழையபடி இளக வைப்பதுதான் அப்பாவின் வேலை. தேய்ந்த டயரைப் பொடியாக அரைத்து, எண்ணெயும் மருந்தும் கலந்து, பெரிய இரும்பு உருளையில் நீராவி விட்டு வேக வைப்பார்கள். குறைவாக வெந்தால் ரப்பர் உதிரும், அதிகம் வெந்தால் மூடியைத் திறந்து காற்றுப் பட்டதும் தீப்பிடித்துக்கொள்ளும். மீட்டர் இருக்கிறது, ஆனால் லாரி டயர் ஒரு மாதிரி, கார் டயர் ஒரு மாதிரி வேகும், அதனால் ஆவிக் குழாயில் வரும் வாசனையைப் பிடித்து அப்பா நிறுத்தச் சொன்னால்தான் நிறுத்துவார்கள்.

வேலை விட்டு வந்ததும் அப்பா தன் கையை முகர்ந்து பார்த்து, இன்னும் நாத்தம் போகலடி என்று மறுபடி சோப்புப் போடப் போவாரே, உனக்கு நினைவிருக்கும், ஊரில் உள்ள சோப்பெல்லாம் நம் வீட்டில்தான் கரைகிறது என்று நான்கூடக் கத்துவேன். கொஞ்ச காலமாக அவர் முகர்ந்து பார்ப்பதே இல்லை. ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரமே கருகியது, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். கேட்டால் சளி என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள், நானும் அப்போது விட்டுவிட்டேன்.

போன வாரம் உருளையைத் திறந்ததும் தீ குப்பென்று வந்து, அப்பாவோடு அங்கேயே வேலை பார்க்கும் உன் மாமா மூடிக்குப் பக்கத்தில் நின்றான், அவன் கை வெந்துவிட்டது. பயப்படாதே, கட்டுப் போட்டிருக்கிறார்கள், விரல் அசைகிறது. டயர் லோடு சரியில்லை என்று அப்பா சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் அந்தக் கருகிய பால் பாத்திரம் ஞாபகத்துக்கு வந்தது. இந்த முறை கை, அடுத்த முறை என் தம்பியின் உயிர் போனால் நான் யார் முகத்தில் விழிப்பது? அப்பா குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் நேராக மேனேஜரிடம் போய், இவருக்கு வாசனையே தெரிவதில்லை, அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அன்றே அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லையாம், தப்பு என்னுதுதான் என்றாராம். இப்போது பின்வாசலில் டயரிலிருந்து கம்பி உருவுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள்.

நேற்று மாமா கட்டுப் போட்ட கையோடு வந்து என்னை ஒரு பிடி பிடித்துவிட்டான். அக்கா, மச்சானுக்கு மூக்கு போயி ஒரு வருஷமாச்சு, எனக்குத் தெரியாதா, நான்தான் மோந்து பாத்து ஸ்பேனரால குழாயைத் தட்டுவேன், அவர் உடனே ஆவியை நிறுத்தச் சொல்லுவாரு, அன்னைக்கு எனக்குத்தான் சளி, நான்தான் லேட்டா தட்டினேன், நீ யாரைப் போட்டுக் குடுத்துட்டு வந்திருக்கே என்று கேட்டான். அவன் வேலையும் போகக் கூடாது என்றுதான் அப்பா எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது போய் உண்மையைச் சொன்னால் என் தம்பி தெருவுக்கு வருவான், சொல்லாவிட்டால் இவர் அவன் பழியையும் சுமந்துகொண்டு கம்பி உருவியே காலம் தள்ளுவார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கு அதுவும் கிடையாது போலிருக்கிறது.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை. என்கிட்ட முதல்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று ஒரே ஒரு தடவை கேட்டார், அதற்குப் பிறகு பேச்சே இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார். கம்பி கிழித்த கைக்கு நான் எண்ணெய் தடவப் போனால் மட்டும் கையை இழுத்துக்கொள்கிறார்.

நீயும் அங்கே பனியில் காதை மூடாமல் திரியாதே, சளி பிடித்தால் உடனே டாக்டரிடம் காட்டு. மருமகளிடம் எதையும் மறைக்காதே, அவளும் உன்னிடம் கேட்காமல் எதையும் செய்ய வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வயது இருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே, பரிதாபமும் படாதே, அப்பாவிடம்தான் பேச வேண்டும் என்று நீயே கேள். இரண்டு வார்த்தை பேசிவிட்டு வழக்கம்போல் போனை என்னிடம் நீட்டுவார், நான் வாங்க மாட்டேன், அடுப்படியில் கை வேலையாக இருப்பதுபோல் நின்றுகொள்கிறேன். உன்னிடமாவது அவர் பேசட்டும், நான் அங்கிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அவசரக்கார அம்மா