எத்தனை பேரில் எட்டு?

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. வெளியே தூறல்.

எங்கள் தையல் கூடத்து முதலாளி அண்ணாச்சி காலையில் சொன்னது இன்னும் காதை விட்டுப் போகவில்லை. "போன வாரம் லேட்டா வந்த பன்னெண்டு பேர்ல எட்டு பேரு அம்பாசமுத்திரம் பஸ்ஸு. இனிமே அங்கன உள்ள பிள்ளைகள வேலைக்கு எடுக்க வேண்டாம்."

நாளை வேலை கேட்டு வரும் செல்வி அம்பாசமுத்திரத்துக்காரி. நானும்தான்.

எனக்குக் கோபம். அவர் சொன்ன எண்ணிக்கையில் தப்பில்லை என்பதால் இன்னும் கோபம். சாப்பாட்டு வேளையில், துணியில் கோடு போடும் சாக்கட்டியால் வெட்டுமேசையிலேயே நாலு கட்டம் போட்டேன். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் வருகிறவர்கள் நாற்பது பேர், தாமதம் எட்டு. உள்ளூர்க்காரர்கள் பத்தே பேர், தாமதம் நாலு.

"லேட்டா வந்தவங்கள்ல எத்தன பேரு பஸ்ஸுன்னு பாத்திய, அண்ணாச்சி. பஸ்ஸுல வாறவங்கள்ல எத்தன பேரு லேட்டுன்னு பாருங்க."

"ரெண்டும் ஒண்ணுதானளா?"

"இல்ல. 'வந்தவங்கள்ல', 'வாறவங்கள்ல'ன்னு சொல்றோம்லா, அந்தக் கடைசி 'ல' யாரோட ஒட்டுதோ அவங்கதான் மொத்தம். பஸ்ஸுல அஞ்சுக்கு ஒண்ணு. உள்ளூர்ல அஞ்சுக்கு ரெண்டு."

அவர் விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். வாய்க்குள் ஏதோ முனகினார். பிறகு, "சரி, அந்தப் பிள்ளைய வரச்சொல்லு," என்றார். நான் மேசையைத் துடைக்கப் போனேன். "அது கெடக்கட்டும்," என்றார்.

ஆகவே கட்டம் நாளையும் அங்கே இருக்கும். முதல் பஸ்ஸை விட்டால் அந்த எட்டை ஒன்பதாக்குவது நானாகத்தான் இருப்பேன். அலாரம் வைத்தேனா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.