பிள்ளைக்குப் போட்ட இரண்டு ஊசிகள்

கிள்ளான்,
12.3.1991

அன்புள்ள அப்பாவுக்கு,

பிள்ளை சுகம். பிறந்த அன்றே இரண்டு தொடையிலும் ஊசி போட்டார்கள். என் இரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் பி கிருமி இருக்கிறதாம். அது பிரசவத்தில் பிள்ளைக்குத் தொற்றாமல் இருக்கத்தான் ஊசி.

ஈரல் கெட்டு இறந்த அண்ணனைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன்.

“குடிக்கணும்னு இல்லலா, இந்தக் கிருமியே போதும். உங்க ரெண்டு பேருக்கும் பிறக்கும்போதே அம்மாகிட்டேருந்து வந்திருக்கலாம்,” என்றார்.

குடிகாரனுக்குக் கொள்ளி வைக்க மாட்டேன் என்று நீங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலேயே இருந்துவிட்டீர்கள்.

அவன் படத்தைக் கூடத்தில் மாட்டிவிடுங்கள். அம்மா காரணம் கேட்டால், அவன் குடிக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். என் கடிதங்களை எப்போதும் அவருக்கு வாசித்துக் காட்டுவீர்கள். இதை வாசிக்க வேண்டாம்.

உங்கள் மகள்