மஸ்கட்டை விடாத மோடம்

திங்கள், இரவு

இந்நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததுக்கு மன்னிக்கணும் மச்சான். உங்களிடம் சொல்வதாக நினைத்தால்தான் எனக்கு நாட்குறிப்பே ஓடும்.

நாளைக் காலை வீடியோவில் நேர்காணல், லேப்டாப்பில்தான் உட்காரணுமாம். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. உங்களிடம் சொல்லாமலே இருந்தேன். தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள், வைஃபை இல்லை. ஹாட்ஸ்பாட் போட்டால் போன் சூடாகி அணைந்துவிடுகிறது. அதனால் போன் சிம்மைக் கழற்றி, மஸ்கட்டுக்குத் திரும்பும்போது நீங்கள் விட்டுப்போன லேப்டாப்பின் சிம் துளையில் போட்டேன். அதில் ஓடுகிற லினக்ஸ் உள்ளே இருக்கும் மோடத்தைக் கண்டுகொண்டது, சிக்னலும் முழுசாகக் காட்டியது, ஆனால் நெட் மட்டும் வரவில்லை. அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஏபிஎன் என்று, சிம் எந்த வாசல் வழியாக நெட்டுக்குப் போகணும் என்று பெயர் போடும் இடத்தில் பார்த்தால், நீங்கள் மஸ்கட்டில் போட்ட பெயர் அப்படியே இருக்கிறது. மோடம் மேலப்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த ஊர்க் கதவைத் தட்டியிருக்கிறது. நம்மூர் சிம்முக்கு உரியதை மாற்றியதும் நெட் வந்துவிட்டது.

அதற்குள் மாமி வந்து நின்றார்கள்.

"ஏளா, எம் மவன் ஒனக்குப் போன் போகலன்னு எனக்குப் போட்டு, ஒனக்கு என்னமும் ஆச்சான்னு பதறுதான். அவ சிம்மைக் கழத்தி லேப்டாப்புல சொருகியிருக்கான்னு சொன்னேன். எதுக்குன்னு கேக்கான். எனக்கென்ன தெரியும்?"

இஷா தொழுதுவிட்டு நீங்கள் பேசுவீர்கள் என்பதே மறந்துபோனது.

சிம்மைப் போனில் மாற்றி அழைத்தேன், எடுக்கவில்லை. டியூட்டிக்குள் போயிருப்பீர்கள். நேர்காணலைப் பற்றி எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டேன். இன்னும் ஒற்றை டிக்தான், உங்கள் போனுக்கு வந்து சேரவில்லை. காலையில் சிம்மைத் திரும்ப லேப்டாப்பில் போட்டுவிட்டால் உங்கள் அழைப்பு வராது. போடாவிட்டால் நேர்காணல் இல்லை.

நான் சிம்மை மாற்றுவதற்கு முன்னால் பதில் போடுங்க மச்சான்.