பக்கக் கேட்டின் கொக்கி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஜெபம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், படியைக் கட்டியதே நான்தான் என்பது போல. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போன் பேசினால் அவள் பக்கத்திலேயே நிற்பாள். இது அவளுக்கு இன்னும் தெரியாத விஷயம், நீயும் தனியாக இருக்கும்போது படி.

நம் ஆலயத்தில் செக்யூரிட்டி வைத்தது உனக்குத் தெரியும். போன வருடம் ஆராதனை நடுவில் எவனோ இரும்புக் கம்பியோடு நுழைந்து பாட்டு டீச்சரின் தோளை உடைத்தானே, அதற்குப் பிறகு கண்ணை மூடி ஜெபிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. நம்முடையது பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற பெரிய ஆலயம், ஞாயிற்றுக்கிழமை அறுநூறு பேர் வருகிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாரென்றே தெரியாது. காவலுக்கு ஆள் வேண்டும் என்று கமிட்டியில் முதலில் கை தூக்கியவன் நான். விதிகளை எழுதியதும் நான்தான். முதுகுப் பையோடு வந்தால் நிறுத்த வேண்டும், தெரியாத முகமாக இருந்தால் உள்ளே உங்களைத் தெரிந்தவர் யார் என்று கேட்டு, அவரை வரவழைத்துக் காட்டிய பிறகே விட வேண்டும். கொஞ்சம் கடுமையாக இருக்கிறதே என்று போதகர் இழுத்தார், முப்பது வருடம் தபால் கொடுத்த எனக்கு ஆளை அடையாளம் காணச் சொல்லித்தர வேண்டாம் என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

செக்யூரிட்டி நல்ல மனுஷர், கொட்டுகிற மழையிலும் இடத்தை விட்டு நகர மாட்டார். திருப்பி அனுப்பியவர்களை ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதிவைப்பார், திங்கட்கிழமை நான் படித்துக் கையெழுத்துப் போடுவேன். இந்த வாரம் ஒரே ஒரு பதிவு. தாடி வைத்த ஆள், முப்பது வயதிருக்கும், முதுகில் பை, பக்கக் கேட் வழியாக வந்தார், திருப்பி அனுப்பினேன் என்று. பக்கக் கேட்டில் கொக்கி போடவில்லையா என்று கடிந்துகொண்டேன். போட்டிருந்தேன் சார், அதைத் திறக்கக் கத்துக்க எனக்கே பத்து நாளாச்சு, அந்த ஆளு வெளிய நின்னுக்கிட்டு கால் நுனியால கேட்டைத் தூக்கி தோளால ஒரு இடி இடிச்சாரு, கொக்கி தானா நழுவிடுச்சு என்றார்.

ஞாயிறு வகுப்புக்கு நேரம் தப்பிய நாளெல்லாம் நீயும் உன் தம்பியும் அப்படித்தானே நுழைவீர்கள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். உள்ள உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டேன் சார், கொஞ்ச நேரம் உள்ளயே பார்த்துக்கிட்டு நின்னாரு, அப்புறம் யாரும் இல்லைங்கன்னு சொல்லிட்டு, கொக்கியைப் பழையபடி மாட்டிட்டுப் போயிட்டாரு என்றார். அந்த நேரம் நான் பதினைந்து அடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டுப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாலு வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்றவனை, இனி என் முகத்தில் விழிக்காதே என்று சொன்னது நான்தானே. என் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டான் அம்மா.

மறுநாள் சலவைக்கடைக்கு மாடியில் இருக்கிற சின்னச் சபைக்குப் போனேன், ஒருவேளை அங்கே வந்திருப்பானோ என்று. அங்கே காவல் கிடையாது. ஞாயிறுதோறும் வாசலில் நின்று வருபவர்களை வரவேற்கிற தையல்காரம்மா, தாடி வைத்த யாரும் வரவில்லை என்றார். ஏன் நீங்கள் மட்டும் ஆள் வைக்கவில்லை என்று கேட்டேன். பயம் எங்களுக்கும் இருக்குங்க, ஆனா இங்க வர்றவங்க பாதிப்பேர் ஜெயில்ல இருந்து வந்தவங்க, யூனிஃபார்மைப் பார்த்தா படியே ஏற மாட்டாங்க, நாங்க மொத்தமே நாப்பது பேரு, புதுசா யாராவது வந்தா ரெண்டு பேர் பக்கத்துல போய் உட்கார்ந்துக்குவோம், பாதி பிரியத்துக்கு, பாதி பயத்துக்கு என்று சிரித்தார். உங்க இடத்துல நானா இருந்தா நானும் ஆள் வெச்சிருப்பேன் என்றும் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

செக்யூரிட்டியை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டு டீச்சரால் இன்னும் கையைத் தூக்க முடியவில்லை. அந்தக் கொக்கி ஆபத்து என்று கமிட்டி இந்தச் சனிக்கிழமை பூட்டு மாட்டப் போகிறது, அதையும் நான் மறுக்கவில்லை. சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பாட்டுப் புத்தக வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன்.

அவன் உன்னோடு பேசுகிறான் என்று எனக்குத் தெரியும், மறைக்க வேண்டாம். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வந்தால், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடப் போகிறான். அது அவனுக்காகப் போட்ட பூட்டு இல்லை என்று சொல். உள்ளே யாரைத் தெரியும் என்று கேட்டால், அப்பாவை என்று சொல்லச் சொல்.

உங்கள் மூவரையும் கர்த்தர் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். குட்டிக்குக் காது மூடுகிற தொப்பி போடாமல் வெளியே கூட்டிப்போகாதே. நீயும் அந்தப் பல்லை இன்னும் காட்டவில்லை, சாக்குச் சொல்லாமல் டாக்டரைப் பார்.

ஞாயிறுதோறும் பக்கக் கேட்டுக்கு உட்புறம் நிற்கும்,
உங்கள் இருவருக்கும் அப்பா